பச்சைக்கு மேல் சிவப்பு

மகாளய அமாவாசை அன்று காலையில் பரணிலிருந்து டிரங்குப் பெட்டிகள் இறங்கும். மரப்பாச்சி, தசாவதார செட், பலசரக்குப் பரப்பி உட்கார்ந்த செட்டியார், அவர் பக்கத்தில் செட்டிச்சி, இரண்டு தடவை கழுத்து ஒட்டிய பண்ருட்டி முருகன் என்று எல்லாரும் அம்மாவின் பழைய புடவைத் துண்டுகளை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். கடைசிப் பெட்டியின் அடியில் குழந்தையின் ஒற்றைக் காலுறை ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு கார்.

கொலுப் படிகளுக்கு முன்னால் தரையில் மணல் கொட்டி, கடுகு தூவி முளைக்க வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளமாக்கி ‘பார்க்’ கட்டுவது எங்கள் வீட்டில் பையன்கள் பொறுப்பு. படியில் எது எங்கே என்பதை அம்மா தீர்மானிப்பாள். பார்க்கில் எங்கள் ராஜ்யம். அதனால்தான் அங்கே தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கியும், ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் ஒரு ரேஸ் காரும் நிற்க முடிந்தது. சுண்டலுக்கு வந்த மாமி ஒருத்தி, “கோயில் வாசல்ல எதுக்குடா ராக்கெட்டு?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மூக்கு உருண்டு, முதுகு உயர்ந்து, வால் கூம்பிப் போகும் அந்த உருவம் பாதி மீன், பாதி ஏவுகணை.

நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். கையில் எடுத்தால் உருவத்துக்கு மீறிய கனம். உடம்பெல்லாம் சிவப்பு எனாமல். தூரிகை போன தடம் இப்போதும் வரிவரியாகத் தெரியும். மூக்கு நுனியிலும் சக்கரத்துக்கு மேலேயும் சிவப்பு உதிர்ந்து பச்சை எட்டிப்பார்க்கும். பச்சையும் போன இடத்தில் சாம்பல் நிறத்தில் உலோகம். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு முகம் தேய்ந்து போய்விட்டது. வாலை ஒட்டி, சட்டைப் பித்தானைவிடச் சின்ன வெள்ளை வட்டத்தில் கறுப்பு ‘7’. அந்த ஏழின் அழகு காரில் வேறெங்கும் இல்லை. அதை எழுதிய கையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குளத்தின் மேல் ஒரு வளைவுப் பாலம் உண்டு. பாதி வளையல் மாதிரி, ஆனால் இரும்பு. உட்புறம் மட்டும் மழுங்கிய வெள்ளி நிறம். பெரியப்பா கொடுத்தது. கார் அந்தப் பாலத்துக்கு அடியில் சரியாக நுழைந்து வெளியே வரும். பாலமும் காரும் இப்படி ஐம்பது வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவருகின்றன. ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று எனக்குத் தெரியவந்தபோது, சொல்லிச் சிரிக்கப் பெரியப்பா இல்லை.

பெரியப்பா வியாசர்பாடி பக்கம் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி. இன்ஜின் வேலை. எண்ணெய் ஊறிய காக்கி டிராயர், மேல் பையில் ஒரு ஸ்பார்க் பிளக், காதில் பாதி பீடி. பெரியம்மா சொல்வாள், “இவர் தலையணையில் படுத்தால் தலையணை கிரீஸ் ஆகும், நான் படுத்தால் நானும் ஆவேன்.” அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகனான என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவது அவருடைய உரிமை. அப்பா அதில் தலையிட்டதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பதோ பத்தோ இருக்கும். ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே சைக்கிளை விட்டுவிட்டுப் பஸ் பிடித்தோம். ரெட்ஹில்ஸ் வரை பஸ். அங்கிருந்து அவருக்குத் தெரிந்த லாரி ஒன்றின் பின்புறம், இருபது பேரோடு நின்றுகொண்டு, ஜி.என்.டி. ரோட்டில் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருஷாவருஷம் பந்தயம் நடத்தியது. 1953இல் தொடங்கிய கிளப். நாட்டின் பல மூலைகளிலிருந்து கார்களும் மோட்டார் சைக்கிள்களும் லாரியேறி அங்கே வந்தன. பனை மரம், வெட்டவெளி, தலைக்கு மேல் மாசி வெயில். சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் எல்லாம்.

நான் பந்தயத்தைக் கண்ணால் பார்த்ததைவிட மூக்கால் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அந்தக் காலத்து ரேஸ் இன்ஜின்களுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் போடுவார்கள். அது எரியும் வாடை இனிப்பும் கசப்புமாக, வைத்தியர் வீட்டையும் மிட்டாய்க் கடையையும் ஒரே அறையில் வைத்தது போல இருக்கும். பேதிக்குப் பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றுகிற அதே எண்ணெய்தான் இவ்வளவு வேகத்துக்கும் காரணம் என்று பெரியப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. ஃபியட்டும் ஹெரால்டும் ஓடின. தெருவில் பார்க்கிற அதே வண்டிகள், பம்பர் கழற்றி, கதவில் எண் எழுதி, வேறு பிறவி எடுத்து வந்திருந்தன. புல்லட்டும் ஜாவாவும் போனபோது தரை நடுங்கியது. பெரியப்பா பாதையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, “மூணு… ரெண்டு… தப்பா போட்டான் பாரு… மூணு” என்று கியரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் அவரை ஒருமாதிரிப் பார்த்தார்கள்.

கடைசியில் ஓடியவை ஒற்றை ஆள் உட்காரும் கார்கள். கூரை இல்லை, கதவு இல்லை, சக்கரங்கள் நாலும் வெளியே. அவற்றில் ஒன்று சிவப்பு. அதை ஓட்டியது யார், எந்த ஊர் எதுவும் இன்று நினைவில்லை. அது எங்களைக் கடந்து போகும்போது சத்தம் பின்னால் வந்தது. சிவப்பு முதலில், சத்தம் அப்புறம். சிவப்புதான் ஜெயித்தது. அன்றைக்கு எனக்கு ரேஸ் கார் என்றால் சிவப்பு என்று முடிவாகிவிட்டது.

கூட்டம் கலைந்தபின் கயிற்றைத் தாண்டிப் போய் வளைவில் உதிர்ந்து கிடந்த ரப்பர் துணுக்குகளைப் பொறுக்கினேன். டயர் தேய்ந்து உருண்டு, மிளகு அளவிலும் சுண்டைக்காய் அளவிலும் கிடக்கும். டிக்கெட்டின் பாதி, நிகழ்ச்சி நிரல் அச்சடித்த தாளில் பெரியப்பா தயிர்சாதம் மடிக்காமல் தப்பித்த பக்கம், ஒரு கைப்பிடி ரப்பர் என்று என் முதல் சேகரிப்பு கோபால் பல்பொடி டப்பாவில் சேர்ந்தது. டிக்கெட்டும் தாளும் எந்த வருஷமோ வெள்ளிமீனுக்கு இரையாகின. ரப்பரை எதுவும் தின்பதில்லை. இப்போது முகர்ந்தால் பல்பொடி வாசனைதான் வருகிறது.

அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ மூர் மார்க்கெட். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டிடம். உள்ளே போனால் ஆமையிலிருந்து ஆங்கில அகராதிவரை வாங்கலாம். விலை பேசத் தெரியாவிட்டால் நம்மையே விற்றுவிடுவார்கள் என்பார்கள். பழைய பொம்மைக் கடை ஒன்றில் பச்சை ரேஸ் கார் ஒன்று மஞ்சள் டப்பாவோடு இருந்தது. ஒற்றை ஆள், வெளியே சக்கரம். சோழவரத்தில் பார்த்ததுதான், நிறம் மட்டும் வேறு.

“லண்டன் மால் சார். கப்பல்ல வந்தது. ஏழு ரூபா.”

பெரியப்பா அதைத் தலைகீழாகத் திருப்பினார். வயிற்றில் ஆங்கில எழுத்துகள். அவருக்கு ஆங்கிலம் ஸ்பேனரில் எழுதியிருக்கும் அளவுதான் தெரியும். என்னிடம் நீட்டினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன்: நிக்கி டாய்ஸ். மேட் இன் இந்தியா.

“லண்டன் எப்போ இந்தியாவுக்கு வந்துது, நைனா?” என்றார் பெரியப்பா. கடைக்காரர் அசரவில்லை. “அச்சு லண்டன் சார், வார்ப்புதான் இங்க” என்றார். நாலே முக்கால் ரூபாய்க்கு முடிந்தது. வழியெல்லாம் நான் அழுதேன். எனக்கு லண்டன் மால்தான் வேண்டியிருந்தது.

கடைக்காரர் சொன்னது பொய்யென்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயரைத் தவிர அது உண்மை. லிவர்பூல் நகரத்தில் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ தொழிற்சாலை, ஃபிராங்க் ஹார்ன்பி நிறுவியது. அவர்கள் பொம்மை ரயிலுக்குப் பெயர் போனவர்கள். அந்த ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தக் கார், லாரி வேண்டுமே என்று 1933இல் சின்ன வாகனங்களை வார்த்தார்கள். அடுத்த வருஷமே அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வந்தது. இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் ஒன்றுக்கு நாற்பத்து மூன்று என்று ஒரு விநோதமான அளவைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம், ஹார்ன்பியின் ரயில் ஓடிய ‘ஓ’ கேஜ்தான். ஒரு அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று போட்டால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும். ரயிலுக்குத் துணையாக வந்த கார் கடைசியில் ரயிலை விடப் பெரிய ஆளாகிவிட்டது.

டிங்கி விற்று ஓய்ந்த மாடல்களின் அச்சுகள் சில, அறுபதுகளின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்தன. வெளிநாட்டுப் பொம்மை இறக்குமதி லேசில் நடக்காத காலம் அது. அச்சு வந்தால் பொம்மை இங்கேயே பிறக்கும். அப்படிப் பிறந்தவைதான் நிக்கி. ஜாகுவார், பென்ட்லி, மெர்சிடிஸ் எல்லாம் கல்கத்தாவில் வார்க்கப்பட்டு மூர் மார்க்கெட்வரை வந்தன. அதே ஊரிலிருந்து மில்டன், மேக்ஸ்வெல் என்றும் கார்கள் வந்தன. என் வகுப்புத் தோழன் ஒருவனிடம் மில்டன் ஆம்புலன்ஸ் இருந்தது. பெயின்ட் கொஞ்சம் திப்பித்திப்பியாக இருக்கும், சக்கரம் கொஞ்சம் ஆடும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்தத் திப்பியைத்தான் இன்று தேடி அலைகிறார்கள்.

அழுகையை நிறுத்தப் பெரியப்பா செய்தது இதுதான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காரின் விளிம்பில் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து மெதுவாக இழுத்தார். “என்ன தெரியுது?” ஒரு மெல்லிய கோடு, முடியளவு மேடு. “அதான் பிசிறு. ரெண்டு அச்சும் சேர்ற இடம். அச்சு புதுசா இருந்தா இது தெரியாது. தேய்ஞ்ச அச்சுல சந்து விழுந்து அதுல காய்ச்சின ஈயமோ துத்தநாகமோ கசியும். இது எத்தனை ஆயிரம் கார் போட்ட அச்சோ! அந்த லண்டன்காரன் கார் போட்ட அதே அச்சு.” துத்தநாகம்தான் அது, நானூறு டிகிரி அளவில் உருக்கி, அழுத்தத்தோடு இரும்பு அச்சுக்குள் செலுத்துவார்கள். நொடியில் உறைந்துவிடும். பெரியப்பா பொம்மைத் தொழிற்சாலையைக் கண்டதில்லை. விரல்நுனியை வைத்தே அவ்வளவும் சொன்னார்.

எனக்கு அதெல்லாம் போதவில்லை. பச்சை பிடிக்கவில்லை. “சிவப்பா ஆக்கிக் குடுங்க பெரியப்பா.”

அவர் மறுத்துப் பேசியதே கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் சிவப்பாகத் திரும்பி வந்தது. ஒர்க்‌ஷாப்பில் லாரிக்கு அடித்து மிஞ்சிய எனாமல். அது மட்டுமில்லை. லாரிகளுக்கு நம்பர் பிளேட்டும், பின்னால் ‘ஹாரன் அடிக்கவும்’ என்றும் எழுதுகிற ஒரு பெயின்டரிடம் கொடுத்து, ஒற்றை முடித் தூரிகையால் இந்த ஏழை எழுத வைத்திருந்தார். மேல்கோடு தடித்து, கால் மெலிந்து, அடியில் லேசாக உதைத்து நிற்கும் ஏழு. எழுதியவர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவராம். அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டாராம். கூலி வாங்க மறுத்து டீ மட்டும் குடித்தாராம்.

கூடவே பெரியப்பா அந்தப் பாதி வளையத்தையும் கொடுத்தார். “இது ஷெல்லு. ஷெல் பேரிங். தேய்ஞ்சு கழிச்சது. குளத்துக்குப் பாலமா வச்சிக்கோ.” இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் சுழலுகிற இடத்தில் இப்படி இரண்டு பாதிகள் சேர்ந்து கழுத்துப் பட்டை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஷெல் கிடையாதாம். ஒயிட் மெட்டலை உருக்கி அந்த இடத்திலேயே ஊற்றி, ஆறவைத்து, ஷாஃப்டில் நீலம் பூசி வைத்துச் சுற்றிப் பார்த்து, நீலம் ஒட்டிய மேட்டையெல்லாம் கையால் சுரண்டி, மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். ஒரு இன்ஜினுக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். “அப்புறம் இந்த ஷெல்லு வந்துது. டப்பாவைப் பிரி, உள்ள வை, போல்ட்டை முடுக்கு. வெள்ளைக்காரன் எவனோ மேஸ்திரி கஷ்டம் தெரிஞ்சவன்” என்பார்.

மஞ்சள் டப்பாவில் அக்கா பலப்பம் போட்டுவைத்தாள். அது அவளோடு பள்ளிக்கூடம் போய் ஒரு மழையில் கூழானது.

இடையில் போன வருஷங்களைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். 1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். சுவர் மட்டும் நின்றது. சோழவரத்தில் பந்தயம் ஓய்ந்து, இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. பெரியப்பா அதைப் பார்க்கவில்லை. 2005இல் கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டினான். அந்த மஞ்சள் காரின் பொம்மையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து என் அண்ணன் மகனுக்குக் கொடுத்தேன். அவன் அதைக் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. இன்றுவரை எடுக்கவில்லை. “பிரிச்சா வேல்யூ போயிடும் சித்தப்பா” என்கிறான். அந்தக் காரின் சக்கரம் சுற்றுமா என்பதே அவனுக்குத் தெரியாது. எனக்கு அவன்மேல் லேசான கோபம் உண்டு. அவன் சொல்வது சரி என்பதும் தெரியும்.

அவன் சொல்வது எவ்வளவு சரி என்பதைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பெரியவர் எனக்குக் காட்டினார். ஓய்வுபெற்றவர். ஹால் முழுக்கக் கண்ணாடி அலமாரி. டிங்கி, கார்கி, மேட்ச்பாக்ஸ். தீப்பெட்டிக்குள் அடங்கினால்தான் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதியால் தன் மகளுக்காக ஜாக் ஓடெல் சின்ன ரோடு ரோலர் ஒன்றைப் பித்தளையில் செய்ததையும், அதிலிருந்து மேட்ச்பாக்ஸ் பிறந்ததையும் சொந்தக் குடும்பக் கதை மாதிரி சொன்னார். ஜேம்ஸ் பாண்டின் தங்க நிற ஆஸ்டன் மார்ட்டின், 1965 கார்கி. கூரை திறந்து வில்லன் எகிறி விழுவான். பொத்தானை அழுத்த என்னை விடவில்லை, தானே அழுத்தினார். வில்லன் கம்பளத்தில் விழ, அவரும் நானும் முட்டி போட்டுத் தேடினோம்.

என் காரைக் காலுறையிலிருந்து எடுத்து நீட்டினேன். மேஜை விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் வயிற்றைப் படித்தார். முகம் மலர்ந்தது. “நிக்கி! வேன்வால்!” அப்போதுதான் எனக்கு அந்தக் காரின் பெயர் தெரிந்தது. பிறகு திருப்பினார். முகம் வாடியது.

“யார் பெயின்ட் அடிச்சது?”

“பெரியப்பா.”

“டப்பா?”

“அக்கா பலப்பம் போட்டுட்டா.”

பல்லைக் கடித்துக்கொண்டு காற்றை உள்ளே இழுத்தார். டாக்டர்கள் எக்ஸ்ரே பார்த்துவிட்டு இழுப்பார்களே, அப்படி. ரீபெயின்ட் ஆகிவிட்ட வண்டி காசுக்கு ஆகாது என்றார். ஆனால் பயப்பட வேண்டாம், சிவப்புக்கு அடியில் அசல் பச்சை இருக்கிறது, ரிமூவர் போட்டுப் பொறுமையாகப் பஞ்சால் எடுத்தால் மீட்டுவிடலாம், தானே செய்து தருகிறேன் என்றார். ஒரு சின்ன டப்பா ரிமூவரையும் என் கையில் திணித்தார்.

விடைபெறும்போது உள்ளறையில் ஒரு தட்டைக் காட்டினார். வெல்வெட் துணிமேல் சாம்பல் நிறப் பொரிகள், நடுவில் இரண்டு ரப்பர் டயர், ஒரு அச்சுக்கம்பி. போருக்கு முந்திய டிங்கி. அந்தக் காலத்தில் துத்தநாகத்தோடு ஈயம் துளி கலந்துவிட்டால் போதும், வருஷங்கள் போன பிறகு உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து, விரிசல்விட்டு, மாவாகும். மருந்து கிடையாது. பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் ஆகும். “இது ஒருநாள்கூட யாரும் விளையாடாத கார் சார். பெட்டிக்குள்ளேயே செத்துப்போச்சு” என்றார். பெயர், வருஷம், மாடல் எண் எழுதிய அட்டை ஒன்று அந்தப் பொரிகளுக்கு முன்னால் நின்றது. அவர் அதைத் தூக்கிப்போடவில்லை என்பதால் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பெயர் தெரிந்துவிட்டதே, வேன்வாலைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வயிற்றில் புளி கரைந்தது.

டோனி வேன்டர்வெல் என்று இங்கிலாந்தில் ஒரு தொழிலதிபர். அவர் கார்க் கம்பெனிக்காரர் இல்லை. பேரிங் கம்பெனிக்காரர். அமெரிக்காவில் கண்டுபிடித்த மெல்லிய ஷெல் பேரிங்கைப் பிரிட்டனில் செய்ய உரிமம் வாங்கி அதில் பணம் பண்ணியவர். அந்தப் பேரிங்கின் பெயர் தின்வால். தன் பெயரின் முன்பாதியையும் பேரிங்கின் பின்பாதியையும் ஒட்டிக் காருக்கு வைத்ததுதான் வேன்வால்.

பெரியப்பா சொன்ன “வெள்ளைக்காரன் எவனோ” என்பவருக்கு முகம் கிடைத்துவிட்டது. நீலம் பூசிச் சுரண்டும் வேலையிலிருந்து உலகத்து மேஸ்திரிகளை விடுவித்த கூட்டத்தில் ஒருவருடைய கார், அந்த மாதிரி ஷெல்லின் வளைவுக்கு அடியில்தான் இத்தனை நவராத்திரி நுழைந்து நுழைந்து வந்திருக்கிறது. எங்கள் பாலம் யாருடைய கம்பெனி ஷெல் என்பதற்கு அதில் எழுத்து எதுவும் மிஞ்சவில்லை, தேய்ந்துவிட்டது. எவருடையதானாலும் ஜாதி ஒன்றுதான்.

புளி கரைந்தது அதற்காக இல்லை. அந்தக் காலத்தில் ரேஸ் கார்களுக்கு நாட்டு வாரியாக நிறம். பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்ஸுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளி, இத்தாலிக்குச் சிவப்பு. வேன்டர்வெல் முதலில் ஃபெராரி கார்களை வாங்கி, தன் பேரிங்கின் பெயரை வைத்து ஓட்டிப் பார்த்தார். பிறகு இத்தாலிக்காரனின் சிவப்புக் காரை என் பச்சைக் காரால் அடிப்பேன் என்று வீம்பு வந்துவிட்டது. அதற்காகவே கார் கட்டினார். அடிச்சட்டத்தைக் காலின் சாப்மன் வடிவமைத்தார். மீன் போன்ற உடலைச் செதுக்கியவர் விமானத்துறையிலிருந்து வந்த ஃபிராங்க் காஸ்டின். மாமி ராக்கெட் என்றது வீண்போகவில்லை. 1957 ஜூலையில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ. காயத்தோடு ஓட்டிக்கொண்டிருந்த டோனி புரூக்ஸ் தன் காரை ஸ்டர்லிங் மாஸிடம் கொடுக்க, மாஸ் அதை முதலாவதாகக் கொண்டுவந்து நிறுத்தினார். உலகச் சாம்பியன்ஷிப் பந்தயத்தில் பிரிட்டிஷ் ஆள் பிரிட்டிஷ் காரில் ஜெயித்தது அதுவே முதல் தடவை. பந்தயம் நடந்த எயின்ட்ரீ, லிவர்பூலை ஒட்டி இருக்கிறது. பின்ஸ் ரோடும் அந்தப் பக்கம்தான். 1958இல் முதன்முதலாகக் கார் கட்டுபவர்களுக்கென்று கோப்பை வைத்தார்கள். வேன்வால் 48 புள்ளி, ஃபெராரி 40. சிவப்பு தோற்றது. அதே வருஷம் கடைசிப் பந்தயத்தில், காஸாபிளாங்காவில், வேன்வால் ஓட்டிய ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸ் தீக்காயம் பட்டு, ஆறு நாள் கழித்து இறந்தார். உடம்பும் சரியில்லாமல் போக, வேன்டர்வெல் அடுத்த ஜனவரியில் கடையைக் கட்டினார்.

சிவப்பைத் தோற்கடிக்கவே பிறந்த காருக்கு நான் சிவப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பெரியப்பா, பாவம், அடித்தும் கொடுத்துவிட்டார். தன் வாழ்நாளெல்லாம் கையில் வைத்து முடுக்கிய பேரிங்கின் முதலாளிக்கு அவர் செய்த மரியாதை அது. இது தெரிந்திருந்தால் தொடை தட்டிச் சிரித்திருப்பார். “அதான் அச்சே தேய்ஞ்சு போச்சு” என்று எதையாவது சம்பந்தமில்லாமல் சொல்லியும் இருப்பார்.

ரிமூவர் டப்பா பல வருஷமாகப் பரணில்தான் இருக்கிறது. இரண்டு தடவை மூடியைத் திறந்து மூடினேன். கீழ்ப்பாக்கத்துப் பெரியவர் போனில் பேசும்போதெல்லாம், “பச்சை வந்துதா?” என்று கேட்பார், பிள்ளைப்பேறு விசாரிப்பது மாதிரி. அவர் காலமான பிறகு கேட்க ஆளில்லை.

போன வருஷம் பார்க் கட்டியது என் பேத்தி. பையன்கள் வேலை என்கிற சட்டத்தை அவள் முதல் நாளே ரத்து செய்துவிட்டாள். செட்டியாரைப் படியிலிருந்து இறக்கிப் பாலத்துக்குப் பக்கத்தில் சுங்கச்சாவடி வைத்துக்கொடுத்தாள். காரைக் கையில் எடுத்தவள், மூக்கில் உரிந்திருந்த சிவப்பை நகத்தால் நெம்பினாள். கடுகளவு செதில் தெறித்தது. அடியில் பச்சை, அப்போதுதான் அடித்த மாதிரி.

“தாத்தா, உள்ள வேற கலர் இருக்கு.”

“தெரியும்.”

“நல்லாருக்கே. உரிக்கட்டுமா?”

நான் கடுகு தூவிக்கொண்டிருந்தேன். ஈர மணலில் ஒட்டிய விரலைத் துடைத்துவிட்டு, காரை வாங்கி, விளக்கருகே ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு, அவளிடமே திரும்பக் கொடுத்தேன்.

“மூக்குப் பக்கம் மட்டும் உரி. ஏழைத் தொடாதே.”